சிறு அளவிலான மீன் பதனிடும் தொழிலில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு அளவிலான மீன் பதனிடல் என்பதில் எந்தெந்த வேலைகள் அடங்கும்?

கரையில் இறங்கிய மீனைத் தரம் பிரித்தல், செதில் சுரண்டுதல், குடலும் செவுளும் நீக்குதல், கழுவுதல், உப்பிடுதல், உலர்த்துதல், புகையூட்டுதல், நொதிக்க வைத்தல், இறால் ஓடு உரித்தல், நண்டிலிருந்தும் சிப்பியிலிருந்தும் சதை எடுத்தல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஒரு குடும்பமோ சில பெண்கள் சேர்ந்த குழுவோ கைக்கருவிகளைக் கொண்டு, பெரும்பாலும் வீட்டு முற்றத்திலோ கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ இந்த வேலைகளைச் செய்கிறார்கள். ஆலைகளில் வாங்குபவர், பதனிடுபவர், விற்பவர் என்று தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். இங்கே பல இடங்களில் ஒரே பெண்தான் ஏலத்தில் மீன் எடுக்கிறார், அவரே வெட்டிக் காய வைக்கிறார், அவரே சந்தைக்கும் கொண்டு செல்கிறார். ஆகவே அவரை வெறும் தொழிலாளி என்று சொல்வது பொருந்தாது. முதலும் இடரும் அவருடையவையாக இருப்பதால் அவர் ஒரு சிறு வணிகர்.

உலக அளவில் எத்தனை பெண்கள் இதில் ஈடுபட்டிருக்கிறார்கள்?

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு, டியூக் பல்கலைக்கழகம், வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, உலகின் மொத்த மீன்பிடிப்பில் குறைந்தது 40 விழுக்காடு சிறு அளவிலான மீன்பிடிப்பிலிருந்து வருவதாகக் கணக்கிட்டது. அந்தத் துறையில் ஈடுபட்டிருப்போரில் பத்தில் நால்வர் பெண்கள் என்றும், பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள் என்றும் அது கூறுகிறது. உணவு வேளாண்மை அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையோ, பாலினவாரியாகத் தரவு கிடைத்த இடங்களில், மீன் பிடிப்பவர்களிலும் வளர்ப்பவர்களிலும் 24 விழுக்காட்டினரே பெண்கள் என்றும் பதனிடும் பிரிவில் அவர்கள் 62 விழுக்காடு என்றும் காட்டுகிறது. இரண்டாவது அறிக்கை பெரிய ஆலைகளையும் சேர்த்துக் கணக்கிடுவதால் இந்த எண்களை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடக் கூடாது. படகை விட்டுக் கரைக்கு வரும்போது பெண்களின் பங்கு பெருகுகிறது என்பதை மட்டும் இரண்டும் ஒருமித்துச் சொல்கின்றன.

அப்படியானால் பல நாடுகளின் புள்ளிவிவரங்களில் இவர்கள் ஏன் காணப்படுவதில்லை?

கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று முதன்மையான தொழில் என்னவென்று கேட்கிறார். ஆண்டில் நான்கு மாதம் கருவாடு போட்டு, மற்ற நாட்களில் வலை பின்னி, இடையில் வயல் வேலைக்கும் போகும் பெண்ணுக்கு அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. கணவரே பதில் சொல்லும் வீடுகளில் அவர் இல்லத்தரசி என்று பதிவாகி விடுகிறார். மீன்வளத் துறைகளின் பதிவேடுகளோ படகு, இயந்திரம், வலை ஆகியவற்றைச் சுற்றியே உருவானவை என்பதால், படகில்லாத ஒருவரை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதே அங்கே தெளிவாக இல்லை. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உழைப்பவர்களும் வேலையில் இருப்பவர்கள்தாம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் வரையறைகள் சொல்கின்றன. 2013-இல் அவை திருத்தப்பட்டபோதும் அந்த நிலைப்பாடு தொடர்ந்தது. வரையறை இருந்தும் கேள்வித்தாள் மாறாவிட்டால் பயன் இல்லை. இது ஏட்டுப் பிழையோடு நிற்பதுமில்லை: மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் புயல் இழப்பீடும் பதிவேட்டைப் பார்த்துத்தான் வழங்கப்படுகின்றன.

பதனிடும் பெண்ணுக்கு மீன் எப்படிக் கிடைக்கிறது?

இந்தத் தொழிலின் அடிப்படைக் கேள்வி இதுதான் என்பது எங்கள் கருத்து. ஆனால் பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் மீன் ஏற்கெனவே பெண்ணின் கூடையில் இருப்பதாக வைத்துக்கொண்டே தொடங்குகின்றன.

வழிகள் பல. கணவரோ மகனோ கொண்டுவரும் பிடிப்பில் பங்கு பெறுவது ஒன்று. ஏலத்தில் ரொக்கம் கொடுத்து எடுப்பது இன்னொன்று. இதில் ஐஸ் வண்டியோடு வரும் மொத்த வியாபாரியோடு போட்டியிட வேண்டியிருப்பதால், தரமான மீன் அவருக்குப் போக, மிஞ்சியதும் நசுங்கியதும் பெண்களுக்கு வருகிறது. மூன்றாவது வழி முன்பணம். மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாகக் கானாவில், பதனிடும் பெண்களே படகுகளுக்கு எரிபொருளுக்கும் உணவுக்கும் பணம் கொடுத்து, அதற்கு ஈடாகப் பிடிப்பை வாங்கும் உரிமையைப் பெறுகிறார்கள். ஆண் சம்பாதிக்கிறான், பெண் கூடமாட ஒத்தாசை செய்கிறாள் என்ற பொதுவான எண்ணம் அங்கே தலைகீழாகிறது. பிடிப்பு குறையும் ஆண்டுகளில் அந்த முன்பணம் திரும்புவதில்லை என்பதால், கடலுக்கே போகாத பெண் கடலின் நட்டத்தைச் சுமக்கிறார்.

நான்காவது வழியைப் பற்றிப் பேசத் தயங்குவோர் உண்டு. ஆனால் பேசாமல் இருக்க முடியாது. மீன் குறைந்து, வாங்குவோர் மிகுந்த கரைகளில், மீன் தருவதற்கு ஈடாகப் பெண்ணிடம் பாலுறவு கோரப்படுகிறது. கென்யாவின் விக்டோரியா ஏரிக்கரையில் இந்த ஏற்பாட்டுக்கு ஜபோயா என்று ஒரு பெயரே இருக்கிறது, எச்.ஐ.வி. பரவலோடு அதற்குள்ள தொடர்பும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அங்கே சில பெண்கள் குழுக்கள் சொந்தமாகப் படகு பெற்று ஆட்களை அமர்த்தி மீன் பிடிக்கத் தொடங்கின. விழிப்புணர்வு முகாம்களை விட இந்த முயற்சி சிக்கலின் வேரை நெருங்கியது; ஏனெனில் அந்தப் பெண்களிடம் குறையாக இருந்தது அறிவு அன்று, மீன் மீதான பிடி.

மணலில் உலர்த்துவதை விடப் பரணில் உலர்த்துவது ஏன் நல்லது?

மணலில் விரித்த மீனுக்கு மேற்பக்கம் மட்டுமே காற்று படும். கீழ்ப்பக்கம் ஈரம் தேங்கும், மணலும் கோழி, நாய்களின் எச்சமும் ஒட்டும், ஈக்கள் முட்டையிடும். இடுப்பளவு உயரத்தில் வலையோ கம்பி வலையோ கட்டிய பரணில் இருபுறமும் காற்று செல்வதால் நீர் விரைவாக வெளியேறும், மழை வந்தால் ஒரே விரிப்பால் மூடிவிடலாம், குனிந்து புரட்ட வேண்டிய முதுகுவலியும் குறையும். புருண்டியில் தங்கானிக்கா ஏரிக்கரையில் உணவு வேளாண்மை அமைப்பின் திட்டத்தால் இத்தகைய பரண்கள் பரவிய பிறகு, மீன் வீணாவது குறைந்ததோடு உலர்ந்த மீனுக்கு நல்ல விலையும் கிடைத்தது.

உலர்த்தலில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் மேற்பரப்பின் ஈரம் போகிறது; இதன் வேகத்தைக் காற்றோட்டமும் காற்றின் ஈரப்பதமும் தீர்மானிக்கின்றன. பிறகு சதையின் உள்ளிருக்கும் நீர் மெல்ல மேலே கசிந்து வர வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. முதல் கட்டத்திலேயே கடும் வெப்பம் கொடுத்தால் மேல்தோல் இறுகிவிடும். வெளியே கருவாடாகத் தெரிந்தாலும் நடுவில் ஈரம் தங்கி, மூட்டையில் கட்டிய சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். பெரிய மீனைப் பிளந்து கீறிப் போடுவதற்கும், இரவில் மூடி வைப்பதற்கும் காரணம் இதுவே. நெத்திலி போன்ற சிறு மீன்களுக்கு நல்ல வெயிலில் ஓரிரு நாட்கள் போதும்.

சூரிய உலர்த்திக் கூடாரங்கள் பல இடங்களில் கைவிடப்பட்டுக் கிடப்பது ஏன்?

ஒளிபுகும் பிளாஸ்டிக் போர்த்திய கூடாரம் ஈயையும் மழையையும் தடுக்கிறது. உள்ளே வெப்பமும் கூடுகிறது. ஆனால் அதில் கொள்வது சில கூடைகள்தாம். மீன் வரும் நாளிலோ படகு படகாக வருகிறது. பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கிப் போனால் மாற்றுவதற்கு யாரும் பணம் ஒதுக்கியிருப்பதில்லை. பெண்களுக்குப் புதுமை பிடிக்கவில்லை என்று திட்ட அறிக்கைகள் எழுதுவதுண்டு. கணக்குப் பார்த்துத்தான் அவர்கள் பரணுக்குத் திரும்புகிறார்கள்.

புகையூட்டும் அடுப்புகளில் என்ன முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது?

எண்ணெய்ப் பீப்பாயிலோ வட்டமான மண் அடுப்பிலோ புகையூட்டும்போது விறகு மிகுதியாகச் செலவாகும். மீனைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். புகை முழுவதும் முகத்தில் அடிக்கும். கானா தலைநகர் அக்ராவை ஒட்டிய சோர்கோர் என்ற மீனவர் குடியிருப்பில், அங்குள்ள பெண்களின் பங்களிப்போடு உருவான அடுப்பு அந்த இடத்தின் பெயரையே பெற்றது. செவ்வக அடுப்பின் மேல் மரச்சட்டமிட்ட வலைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே அதன் அமைப்பு. அடுக்கிய தட்டுகளே புகைக்கூண்டாக நின்று வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் விறகு மிச்சமாகிறது. மீனைத் திருப்புவதற்குப் பதில் தட்டுகளை இடம் மாற்றினால் போதும்.

புகையிலும், தீயில் சொட்டும் மீன் கொழுப்பிலும் உருவாகும் பாலிசைக்ளிக் அரோமாடிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற வேதிப்பொருள்களின் சிக்கல் இதனால் தீரவில்லை. அவற்றுள் பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் புகையூட்டிய மீனில் இதன் உச்ச அளவைக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 மைக்ரோகிராமாக 2014 செப்டம்பரில் குறைத்தது. செனகலின் தியாரோய் பயிற்சி நிலையத்தில் உணவு வேளாண்மை அமைப்புடன் இணைந்து உருவான அடுப்பு இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது: தீக்கும் மீனுக்கும் இடையே கொழுப்பைத் தாங்கும் தட்டு வைத்து, மீனை முதலில் கரி வெப்பத்தில் வேகவிட்டு உலர்த்தி, மணத்துக்குத் தேவையான புகையைத் தனியே உண்டாக்கி வடிகட்டி இறுதியில் செலுத்துகிறது. மழைக்காலத்தில் இதையே வெப்ப உலர்த்தியாகவும் பயன்படுத்தலாம்.

தொழில்நுட்பம் சிறந்ததுதான். ஆனால் இதைக் கட்டுவதற்கான செலவு பழைய அடுப்பைப் போலப் பல மடங்கு. ஏற்றுமதி செய்பவருக்கு அந்தச் செலவு திரும்பக் கிடைக்கும். உள்ளூர்ச் சந்தையில் விற்பவருக்குத் தூய மீனுக்கும் புகைக்கரி படிந்த மீனுக்கும் ஒரே விலைதான். அந்த விலை வேறுபாடு ஏற்படும்வரை, இத்தகைய அடுப்பின் செலவைப் பொதுச் சுகாதாரச் செலவாக அரசு ஏற்பதே முறை. அதைத் தனியொரு பெண்ணின் கடனாக மாற்றுவது நியாயமாகாது.

உப்பிடுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

எடையில் மூன்று முதல் ஐந்து பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான அளவு. பெரிய மீனுக்கு உப்பு கூடுதலாக வேண்டும். கொழுப்பு மிகுந்த மீனைக் காற்றுப் படாமல் உப்புநீரில் மூழ்க வைப்பது காறல் வாடை அடிப்பதைத் தடுக்கும். உப்பு மீனின் மேல் இளஞ்சிவப்புப் படலம் தோன்றினால், உப்பிலேயே வாழும் நுண்ணுயிரிகள் பெருகியிருக்கின்றன என்று பொருள். பழைய உப்பை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதும் தொட்டியைக் கழுவாமல் விடுவதும் அதற்கு வழிவிடும்.

சற்றே கெட்ட மீனை நன்றாகப் புகையூட்டினாலோ வேகவைத்தாலோ சரியாகிவிடாதா?

சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களில் சரியாகாது. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் வெயிலில் கிடக்கும்போது பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் சமையல், புகை, உப்பு, உறைநிலை எதனாலும் அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வாந்தியும் வரும். பன்னாட்டு உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ் இதற்கு வைத்துள்ள பாதுகாப்பு எல்லை கிலோவுக்கு 200 மில்லிகிராம். தடுக்க ஒரே வழி, பிடித்த நொடியிலிருந்து குளிரில் வைப்பது. வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நடைமுறை அளவு. ஐஸ் போட வேண்டிய இடம் படகு. தரக்குறைவுக்குக் கேள்வி கேட்கப்படுவதோ கரையில் இருக்கும் பெண்ணிடம்.

கருவாட்டில் வண்டு விழாமலிருக்கப் பூச்சிமருந்து தெளிக்கலாமா?

கூடாது. பயிருக்கான மருந்து உண்ணும் பொருளில் நேராகத் தங்கிவிடும். தெளிப்பவரின் கையையும் மூச்சையும் அது தாக்கும். முழுமையாக உலர்த்துதல், ஈ வரும் முன்பே உப்புநீரில் முக்கி எடுத்தல், அடர்த்தியாக நெய்த பையில் கட்டித் தரையில் படாமல் அடுக்குதல் ஆகியவை போதிய காப்பு தரும்.

இந்த வேலையால் பெண்களின் உடல்நலத்துக்கு என்னென்ன பாதிப்புகள் வருகின்றன?

நாள் முழுவதும் ஈரத்திலும் உப்பிலும் ஊறும் கையில் தோல் வெடித்துப் புண்ணாகிறது. முள்ளும் செதிலும் குத்திய இடத்தின் வழியே எரிசிபெலாய்டு என்ற பாக்டீரியாத் தொற்று ஏறி, விரல் ஊதா நிறமாக வீங்கிக் கடுமையாக வலிக்கும். மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மருந்தால் அது குணமாகும் என்றாலும், முள் குத்துவதை யாரும் நோயாகக் கருதாததால் சிகிச்சை தாமதமாகிறது. நண்டும் இறாலும் கையாளும் கூடங்களில் காற்றில் மிதக்கும் புரதத் துகள்கள் சிலருக்குத் தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்குகின்றன. புகையடுப்பின் முன் பல ஆண்டுகள் நின்றவர்களிடம் கண் எரிச்சலும் நெடுநாள் இருமலும் காணப்படுகின்றன. குந்தியபடியே மணிக்கணக்கில் வெட்டுவதால் முழங்காலும் இடுப்பும் தேய்கின்றன. இடுப்புயர மேசை ஒன்றே இதில் பாதியைத் தீர்க்கும்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபடுவது கழிப்பறை. மீன் இறங்குதளங்களில் அது இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். விளைவாகச் சிறுநீர்த் தொற்று வருகிறது. கையுறை வழங்கும் திட்டங்கள் இதைத் தொடுவதே இல்லை.

எடைக் கூலிக்கு இறால் உரிக்கும் பெண்களின் நிலை வேறுபட்டதா?

மிகவும் வேறுபட்டது. சொந்தமாகக் கருவாடு போடுபவருக்கு இடரோடு லாபமும் உண்டு. எடைக் கூலி பெறுபவருக்கு மீன் வராத நாளின் இடர் மட்டும் உண்டு, லாபம் இல்லை. எடைக்கல்லும் கணக்குப் புத்தகமும் ஒப்பந்தக்காரர் கையில் இருக்கின்றன. சரக்கு வந்தால் நள்ளிரவிலும் அழைப்பு வரும், வராவிட்டால் கூலி இல்லை. இங்கே முதலில் கேட்க வேண்டியவை மூன்று: உரிக்கும் பெண்கள் கண்ணால் பார்க்கும்படி எடை போடுதல், குறைந்தபட்சக் காத்திருப்புக் கூலி, எழுத்து வடிவில் வருகைப் பதிவு. கடைசியாகச் சொன்ன பதிவு இல்லாவிட்டால் காப்புறுதியோ மகப்பேற்று உதவியோ கோர எந்தச் சான்றும் இருக்காது.

பன்னாட்டுச் சட்டங்கள் இவர்களைப் பாதுகாக்கின்றனவா?

அரைகுறையாகத்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை 2007-இல் நிறைவேறி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மீன்பிடித் தொழிலாளருக்கான முழுமையான ஆவணம் என்று போற்றப்படும் அது, கலங்களில் நடக்கும் வேலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வீட்டிலிருந்து செய்யும் வேலை பற்றிய 1996-ஆம் ஆண்டின் 177-ஆம் உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் மிகக் குறைவு. வேலையிடத்தில் வன்முறை, துன்புறுத்தல் பற்றிய 2019-ஆம் ஆண்டின் 190-ஆம் உடன்படிக்கை முறைசாராத் துறையையும் உள்ளடக்குவதால், முன்னே சொன்ன மீனுக்கு ஈடான பாலுறவுக் கோரிக்கையை எதிர்க்க அது ஒரு பற்றுக்கோடு. சிறு அளவிலான மீன்பிடிப்புக்கென 2014-இல் ஏற்கப்பட்ட உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுநெறிகள் பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளையும் அவற்றில் பெண்களின் பங்கையும் வெளிப்படையாக அங்கீகரிக்கின்றன; அவை தன்விருப்பமானவை என்பதால் நீதிமன்றத்தில் நேரடியாக நிலைநாட்ட முடியாது. தேசியச் சட்டத்தில் மீனவர் என்பதன் வரையறைக்குள் பதனிடுபவரைச் சேர்க்கக் கோருவதற்கு அவை நல்ல ஆதாரம்.

உலர்த்தும் இடத்துக்கு உரிமை வேண்டும் என்று ஏன் வலியுறுத்தப்படுகிறது?

இறங்குதளத்துக்கு அருகில், காற்றோட்டமான, மேடான, திறந்தவெளி நிலம் இல்லாமல் கருவாடு இல்லை. தலைமுறைகளாகப் புழங்கினாலும் அந்த நிலத்துக்குப் பட்டா இருப்பதில்லை. வரைபடத்தில் அது வெற்று மணல். சுற்றுலா விடுதியோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது படகு நிறுத்த மாற்றிடம் பேசப்படும், பரண்களைப் பற்றிப் பேச்சே எழாது. பருவத்துக்குப் பருவம் புழங்கும் இடங்களை, பெண்களையே உடன் நடக்க வைத்து, எல்லை குறித்து வரைபடமாகப் பதிவு செய்வதே இதற்கு எதிரான முதல் அரண்.

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 2012-இல் நடந்தது இதற்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு நிகழ்வு. அலையாத்திக் காடுகளில் சிப்பி எடுத்துப் பதனிட்டு விற்கும் பெண்களின் டிரை என்ற சங்கத்துக்கு, தன்பி ஈரநிலத்தின் சிப்பி வளத்தைத் தாமே மேலாண்மை செய்யும் தனியுரிமையை அரசு வழங்கியது. எடுப்பதற்குத் தடைக்காலமும் சிறு சிப்பியை விட்டுவிடும் விதியும் அவர்களே ஏற்றவை. வளத்தின் மேல் உரிமை கிடைத்ததால்தான் காத்திருப்பது அவர்களுக்கு ஆதாயமாயிற்று.

மீன்தூள் ஆலைகள் இந்தத் தொழிலை எவ்வாறு பாதிக்கின்றன?

மௌரிதானியா, செனகல், காம்பியா கரைகளில் பெருகிய மீன்தூள் ஆலைகள், பெண்கள் புகையூட்டியும் உலர்த்தியும் விற்றுவந்த சாளை இனச் சிறுமீன்களையே மொத்தமாக வாங்குகின்றன. ஆலை எந்தத் தரத்தையும் எந்த அளவையும் உடனடிப் பணத்துக்கு எடுக்கும். கூடை கூடையாக வாங்குபவரால் அதோடு போட்டியிட முடியாது. மலிவான புரதமாக உள்நாட்டு ஏழைகளின் தட்டுக்குப் போன மீன், வேறு கண்டத்தின் மீன் பண்ணைக்குத் தீவனமாகிறது. ஆலைகள் வேலை தருகின்றன என்ற வாதம் உண்மைதான், ஆனால் அவை தரும் வேலை இழக்கப்படும் வேலையை விடக் குறைவு. அதுவும் பெரும்பாலும் பெண்களுக்குப் போவதில்லை.

வெட்டிய கழிவை என்ன செய்யலாம்?

குடல், தலை, செவுள் ஆகியவற்றை அரைத்து, எடையில் சுமார் 3 விழுக்காடு ஃபார்மிக் அமிலம் சேர்த்து நன்கு கிளறி வைத்தால், அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு நான்குக்குக் கீழ் இறங்கி, மீனின் சொந்த நொதிகளே அதைச் சில நாட்களில் கூழாக்கிவிடும். கெட்டுப்போகாத இந்தக் கூழைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலக்கலாம். அமிலத்தைக் கையாளத் தடித்த கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவை இல்லாத இடத்தில் அமிலத்துக்குப் பதிலாகக் கரும்புப்பாகு சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கலாம். எந்த முறையாயினும் கழிவு சேரும் அன்றே கலக்க வேண்டும். குழுவாகச் செய்வதானால் கழிவை எடை போட்டு வாங்கி, அவரவர் பெயரில் வரவு வைப்பது நல்லது. இல்லையேல் கூழ் விற்ற பணம் கூடத்தின் உரிமையாளருக்கே போய்ச் சேரும்.